கோட்டுக்குள் வைத்த கால்

போன மாதம் ஆனேக்கல் பக்கம் ஒரு பட்டறைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பழைய இரும்பில் பொம்மை செய்கிற பிள்ளைகள். போய்ப் பார்த்தால், வாசலில் இரண்டு பக்கெட் நிறைய ஆசிட் தண்ணீர், அதற்குள் புத்தம்புது நட்டும் போல்ட்டும் ஊறிக்கொண்டிருக்கின்றன.

"என்னப்பா இது, ஊறுகாயா?" என்றேன்.

"துருப் புடிக்க வெக்கறோம்ணே. கஸ்டமருக்குப் பழைய இரும்பு மாதிரி இருக்கணும்."

எனக்கு வந்த கோபத்தில் அவர்கள் நீட்டிய டீயைக்கூட வாங்கவில்லை. கடையில் புதிதாய் வாங்கி, அதைப் பழையதாக்கி, அப்புறம் லேசரில் வெட்டி, மயில் என்கிறார்கள். அதில் ஒருவன் மட்டும் கொஞ்சம் விவரமானவன். "நீங்க இருந்த எடத்துல எதையுமே வெட்ட மாட்டீங்களாமே, நெஜமாண்ணே?" என்று கேட்டான். நிஜம்தான் என்றேன். ஒரே ஒரு தடவை வெட்டினேன் என்றும் சொன்னேன். அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவனுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ஏழுமலை. பிறந்தது வளர்ந்தது எல்லாம் பெங்களூர் தண்டு, அதாவது கண்டோன்மென்ட் பக்கம். அப்பா வேலூர்க்காரர். பத்தாவது பெயிலானதும் லாரி பாடி கட்டும் கடையில் வெல்டிங்குக்குச் சேர்ந்தேன். கண் எரிந்தால் உருளைக்கிழங்கை வெட்டி வைத்துக்கொண்டு தூங்குவது, மறுநாள் மறுபடி எரியவைத்துக்கொள்வது என்று பத்து வருடம் போயிற்று. தொண்ணூற்றொன்றில் அந்தக் கடையை மூடினார்கள். லிங்கராஜபுரத்தில் ஒரு டீச்சரம்மா இரும்பில் பொம்மை செய்கிறார், வெல்டர் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டுப் போனேன். பொம்மைதானே, நாலு நாள் வேலை என்று நினைத்தேன். பதினெட்டு வருடம் இருந்தேன்.

அந்த டீச்சரம்மாதான் ரெஜினா மேடம். பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக்கொடுத்தவர், வேலையை விட்டுவிட்டு ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார். காட்டன் புடவைக்கு மேல் தோல் ஏப்ரன், காலில் கான்வாஸ் ஷூ, காதில் கம்மல் இருக்கிற இடத்துக்கு மேலே ஒரு சாக்பீஸ். யாரையும் திட்ட மாட்டார். நன்றாயிருக்கிறது என்று பாராட்டவும் மாட்டார். மனசுக்குப் பிடித்திருந்தால் கையிலிருக்கும் ஸ்பேனரால் பட்டறைக் கல்லில் இரண்டு தட்டு. அவ்வளவுதான். அந்த இரண்டு தட்டுக்காக நான் மாசக்கணக்கில் காத்திருக்கிறேன் என்றால் என் வீட்டுக்காரி நம்ப மாட்டாள்.

முதல் நாள் ஒரு ஆமை செய்யச் சொன்னார். லாரியின் பழைய கிளட்ச் தட்டு ஒன்றை எடுத்து, துருவெல்லாம் போகத் தேய்த்து, அதில் பொறித்திருந்த நம்பரையும் கிரைண்டர் போட்டு வழவழவென்று ஆக்கிக் கொண்டுபோய் நின்றேன். மேடம் ஒரு நிமிஷம் பார்த்தார்.

"அது மூஞ்சிய ஏம்ப்பா அழிச்ச?"

"நம்பர் மேடம் அது."

"அதான் மூஞ்சி. ஆமைன்னும் தெரியணும், கிளட்ச்சுன்னும் தெரியணும். ரெண்டுல ஒண்ணு போச்சுன்னா எதுக்கு இந்த வேலை? தகரத்துலயே ஆமை பண்ணிக்கலாமே."

அதிலிருந்து பிறந்ததுதான் ஷெட்டின் முதல் சட்டம். எந்தச் சாமானையும் வெட்டக்கூடாது. கழுத்து நீளமாயிருந்தால் வேறு கழுத்தைத் தேடு. "வெட்டாதப்பா, தேடு" என்பதை அவர் வாயிலிருந்து ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். தேடுவதற்கு அன்வர் பாய் இருந்தார். பழைய இரும்புக் கடையை எங்கள் ஊரில் குஜிரி என்போம். சிவாஜிநகர் குஜிரியில் எந்தச் சந்தில் எந்தச் சாமான் விழும் என்பது பாய்க்கு அத்துப்படி.

இரண்டாவது சட்டத்தை நானே உயிரைக் கொடுத்துக் கற்றிருப்பேன். ஒரு பழைய ஷாக் அப்சார்பரை அப்படியே வைத்துச் சூடேற்றினேன். மூடிய சாமான், உள்ளே எண்ணெய் இருக்கும் என்று தோன்றவேயில்லை. டமாரென்று வெடித்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பொத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டு மாடியில் காயப்போட்ட மிளகாயில் விழுந்தது. அன்றிலிருந்து, மூடிய சாமான் எதுவானாலும் முதலில் ஓட்டை போட வேண்டும். பெட்ரோல் டேங்க் என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் வெயிலில் திறந்து வைத்து, வெல்டிங் படுகிற இடம் வரைக்கும் தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் கை வைப்போம்.

மூன்றாவது சட்டம்தான் இந்தக் கதைக்கு முக்கியம். எந்தப் பிராணி செய்வதானாலும் மேடம் ஷெட்டின் நடுவில் தரையைச் சுத்தமாகக் கூட்டச் சொல்லுவார். அப்புறம் மண்டியிட்டு உட்கார்ந்து, சாக்பீஸால் முழு அளவில் அதன் உருவத்தைக் கோடு போட்டு வரைவார். அந்தக் கோட்டுக்குள் நாங்கள் சாமானை வைத்துக்கொண்டே வருவோம். வயிற்றுக்கு டேங்க், மூக்குக்குக் கத்திரி, இப்படி. யார் வேண்டுமானாலும் வைக்கலாம், எடுக்கலாம். ஆனால் யார் வைத்தது என்று மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால், வைத்தவன் என்னுதுதான் ஒசத்தி என்று சண்டைக்கு நிற்பானாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் பார்த்த புத்தி. கோட்டுக்குள் இருந்தால் அது அந்தப் பிராணியுடையது, பேச்சு முடிந்தது.

தொண்ணூறுகளின் பாதியில் ஒரு ஹோட்டலுக்காகக் கொக்கு ஒன்று செய்தோம். ஸ்கூட்டர் டேங்க் வயிறு. சைக்கிள் ஹேண்டில்பார் கழுத்து. டெய்லர் கத்திரி அலகு. சீலிங் ஃபேன் இறக்கைகளே அதற்கும் இறக்கை. தூக்கின காலில் ஒரு அலாரம் கடிகாரம் மாட்டியிருக்கும், மீன் எப்போது வரும் என்று மணி பார்த்துக்கொண்டு நிற்கிற கொக்கு. எல்லாம் அமைந்துவிட்டது, ஊன்றி நிற்கிற கால் மட்டும் அமையவில்லை. பைப் வைத்தால் கட்டில் கால் மாதிரி இருந்தது. கம்பி வைத்தால் குடைக் காம்பு மாதிரி இருந்தது. இரண்டு வாரம் தேடினோம். சனிக்கிழமை காலையில் ஹோட்டல் வண்டி வருகிறது, சாயந்திரம் அங்கே திறப்பு விழா.

வியாழக்கிழமை மேடம் பேங்க் வேலையாகப் போயிருந்தார். நான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், கோட்டுக்குள், கால் வர வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சாமான் இருக்கிறது. பட்டையான இரண்டு இரும்புக் கம்பி, நடுவில் மடங்குகிற ஒரு மூட்டு, மூட்டின்மேல் நழுவி விழுகிற ஒரு வளையம். அடேயப்பா, கொக்குக் காலை அச்சில் வார்த்தது மாதிரி! மேடம் போகும்போது வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். கேட்கவும் வேண்டியதில்லை, சட்டம் அப்படி.

நிறுத்திப் பார்த்தேன். நாலு விரற்கடை நீளம் அதிகம். கீழ் நுனி இரண்டும் உள்பக்கமாக வளைந்து வேறு இருந்தன, அடித்தட்டில் உட்காரவில்லை. வேறு கால் தேட நேரமில்லை. மேடம் ஷெட்டில் இல்லை. அந்த நுனிகளை வெட்டினேன். வெட்டின தழும்பு தெரியாமலிருக்க ஒரு பெரிய வாஷரைப் போட்டு மூடி, மூட்டிலும் ஒரு பொட்டு வெல்டிங் வைத்து இறுக்கிவிட்டேன். துண்டுகளைக் கழிவு டப்பாவில் போட்டேன். வெள்ளிக்கிழமை மேடம் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பாய் கொண்டுவந்த சாமான் போலிருக்கிறது என்று அவர் நினைத்திருக்கிறார். பட்டறைக் கல்லில் இரண்டு தட்டு விழுந்தது. திருட்டுத்தனம் செய்தவனுக்குப் பரிசு கிடைத்தால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது. துணியை எடுத்துக் கொக்கைத் துடைக்க ஆரம்பித்தேன்.

சனிக்கிழமை. டெம்போவில் கொக்கைச் சாக்குப் பைகளின் மேல் படுக்க வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறோம். எதிர்த் தெருச் சரோஜா அவள் தம்பியின் சைக்கிள் கேரியரில் வந்து இறங்கினாள். கக்கத்தில் ஒரு கட்டை. சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனவள், ஆனால் காலுக்கு முட்டுக்கொடுக்கிற இரும்புக் காலிபர் மாட்டிக்கொண்டு தெருவில் விடுவிடுவென்று நடக்கிறவள். வாய் இருக்கிறதே, அது காலை விட வேகம்.

"அண்ணா, ரெடியா?" என்றவள் டெம்போவைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "அண்ணா, அந்தக் கொக்கோட காலு என்னோடதுண்ணா."

புதன்கிழமை ரோட்டில் பார்த்தபோது, முட்டி லாக் நழுவுகிறது, நாளைக்குக் கொடுத்தனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தாள். கொண்டுவந்து வை, பார்க்கிறேன் என்று நானும் சொல்லியிருந்தேன். சொன்னதைச் சுத்தமாக மறந்துபோனேன். தோல் பட்டைகளை எண்ணெய் போட வீட்டில் கழற்றி வைத்துக்கொண்டு, வெறும் இரும்பை மட்டும் தம்பியிடம் கொடுத்திருக்கிறாள். அவன் சாப்பாட்டு நேரத்தில் வந்திருக்கிறான், ஷெட்டில் ஒருவருமில்லை. இருக்கிற குப்பையில் கூட்டிச் சுத்தமாயிருந்தது ஒரே இடம்தான், நம் கோட்டுக்குள். அக்கா சாமானாச்சே என்று பத்திரமாக அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். புடவைக்குள் மறைந்திருந்த சாமான், நான் அதை வெறுமனே பார்த்ததே இல்லை. பார்த்திருந்தாலும் என்ன? கோட்டுக்குள் கிடந்தால் என் கண்ணுக்குக் கொக்குதான் தெரியும். அப்படிப் பழக்கிவைத்திருந்தேன்.

ஐம்பது வயதைத் தாண்டிய மேடம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டெம்போவில் ஏறினார். விரலால் காலை மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தார். வாஷரில் விரல் நின்றது.

"இங்க என்ன மூடி வெச்சிருக்க?"

நான் கயிற்று முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினேன்.

"ஏழுமலை, கேக்கறேன்ல."

"வெட்டிட்டேன் மேடம். நாலு வெரக்கடை."

"துண்டு எங்க?"

"டப்பால இருக்கு."

"எடுத்துட்டு வா."

இரண்டு துண்டையும் பொறுக்கிக்கொண்டு வந்து சரோஜாவின் முன்னால் நின்றபோது, பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. அவள் துண்டுகளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஷூவின் குதிகாலில் செருகுகிற நுனி அது. அது இல்லாமல் காலிபர் நிற்காது.

"புதுசு வாங்கிக்கலாமாம்மா?" என்றார் மேடம்.

"போன தடவ அளவு குடுத்து ஒன்ற மாசம் ஆச்சு மேடம். எனக்குத் திங்கக்கெழமை வேலைல சேரணும். சந்தாபுரா தாண்டி ஒரு கம்பெனி, போன் ஆபரேட்டர். கம்பெனி பஸ் ஏழு மணிக்கு மெயின் ரோட்ல நிக்கும்."

"உன் தம்பி கூட வந்து ஏத்தி விட்டான்னா..." என்று நான் இழுத்தேன். அந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்ததோ.

சரோஜா என் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர், குரலில் இல்லை. "மொத நாளு தூக்கிட்டுப் போயி எறக்கினாங்கன்னா, நான் ரிட்டயர் ஆகற வரைக்கும் அங்க தூக்கிட்டு வந்த பொண்ணுதாண்ணா. இந்த வேலைக்கு நான் மூணு வருசமா அலஞ்சிருக்கேன். நடந்துதான் உள்ள போவேன்."

மேடம் டிரைவரிடம் கொக்கை இறக்கச் சொன்னார். டிரைவர் கன்னடக்காரர், ஆகாது மேடம், சாயந்திரம் மந்திரி வருகிறார் என்று தலையைப் பிடித்துக்கொண்டார். "கொக்கு இன்னொரு நாள் நிக்கும். இந்தப் பொண்ணு திங்கக்கிழமை நிக்கணும். நீங்க போய் நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார் மேடம், அதே கன்னடத்தில். அரைமணியில் ஹோட்டலிலிருந்து போன் வந்தது. ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கத்தலையெல்லாம் கேட்டு முடித்தார்.

"ஒரு மணி நேரம் குடுங்க மேடம், நுனிய ஒட்டிடறேன்" என்றேன். ஒட்டச் சொன்னார். காலைக் கொக்கிலிருந்து பிரித்து ஒட்டினேன். என் கையால் அதுவரை அவ்வளவு அழகான வெல்டிங் விழுந்ததில்லை. மேடம் அதை மேசை வைஸில் இறுக்கிப் பிடித்து, சுத்தியலை என்னிடமே நீட்டினார். இரண்டு அடி தாங்கியது. மூன்றாவது அடியில் ஒட்டுக்குப் பக்கத்திலேயே முறிந்தது. "பஸ் படியில முறிஞ்சா?" என்று மட்டும் கேட்டார். ஒட்டில்லாத முழுப் பட்டை வேண்டும். ஷெட்டில் இருந்த குவியல் முழுவதையும் சாயந்திரம் வரை புரட்டினோம். கிடைத்ததெல்லாம் மெல்லிசு, இல்லாவிட்டால் அகலம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணி அடிக்கிற நேரத்தில் மேடம் சிவாஜிநகர் குஜிரியில் இருந்தார். எனக்குத் தெரிந்து அவர் சர்ச்சுக்குப் போகாத ஞாயிறு அது ஒன்றுதான். முறிந்த பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணில் பட்ட இரும்பையெல்லாம் அதோடு சேர்த்து அளந்துகொண்டே நடந்தார். அன்வர் பாய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "அரே, இன்னிக்கு என்ன ஜானவர் மேடம்?" என்று கடைக்காரர்கள் கேலி செய்தார்கள். ஜானவர் என்றால் பிராணி. கடைசியில் பாய்தான் கூப்பிட்டார். "இதர் ஆவோ ஏழுமலை அண்ணே, இத்த பாருங்கோ." பழைய ஆஸ்பத்திரிக் கட்டில். தலைப்பக்கத்தைத் தூக்கி நிறுத்துகிற இரண்டு பட்டைகள். அதே அகலம், அதே கனம், ஒரு வளைவு நெளிவு இல்லை.

சரோஜாவை ஸ்டூலில் உட்கார வைத்து அளவெடுத்தோம். பட்டை ஒரு சாண் நீளம் அதிகம். நான் ஹேக்ஸாவை எடுக்காமல் நின்றேன். கை வரவில்லை.

"என்ன நிக்கற? வெட்டு" என்றார் மேடம்.

"மேடம், வெட்டக்கூடாதுன்னு..."

"கொக்குக்குத்தான்ப்பா அந்தச் சட்டம். கொக்கு கெடச்ச கால்ல நின்னுக்கும். இவளுக்கு அளந்து வெட்டணும்."

வெட்டினேன். நுனியைச் சிவக்கக் காய்ச்சி வளைத்தேன். பழைய காலிபரிலிருந்து மூட்டைப் பிரித்து, என் வெல்டிங் பொட்டை அரத்தால் ராவி எடுத்து, புதுப் பட்டையில் ரிவெட் அடித்தேன். நழுவின வளையத்துக்குப் பதில் வேறு வளையம் கடைந்தேன். முதல் தடவை மாட்டினதும் கணுக்கால் பக்கம் குத்துகிறது என்றாள். கழற்றி, இன்னும் கொஞ்சம் வெளியே வளைத்தேன். இரண்டாவது தடவை லாக் விழவில்லை. அரை நூல் அளவு ராவினேன். மூன்றாவது தடவை நின்றாள். 'டக்' என்று வளையம் விழுந்தது. ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சாக்பீஸ் கோட்டின் மேலேயே நடந்து போனாள், திரும்பி வந்தாள். எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. வெல்டிங் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

"மன்னிச்சிரும்மா" என்றேன்.

"மொதல்ல நாளைக்கு நான் பஸ் ஏறட்டும். அப்பறம் பாக்கலாம்" என்றாள். வாசலில் நின்று, கால் போய் மூலையில் கிடந்த கொக்கைப் பார்த்தாள். "பாவம்ணா அது. அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

அவள் போனபிறகு தரையைக் கூட்ட வேண்டியிருந்தது, கொக்கு வழியில் கிடந்தது. பாயும் நானுமாகச் சங்கிலிக் கப்பியில் மாட்டி மேலே தூக்கிவிட்டோம். கூட்டி முடித்து நிமிர்ந்தால், மேடம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஃபேன் இறக்கை இரண்டும் விரிந்து, கழுத்து முன்னால் நீண்டு, தொங்குகிற ஒரு காலில் கடிகாரத்தோடு, நேரமாகிவிட்ட அவசரத்தில் கொக்கு பறந்துகொண்டிருந்தது. பட்டறைக் கல்லில் இரண்டு தட்டு விழுந்தது. அது எனக்கில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கொக்கை மேடம் யாருக்கும் கொடுக்கவில்லை, கடைசி வரை ஷெட்டிலேயே பறந்தது. வெட்டின துண்டு இரண்டையும் என்னிடம் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன.

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கே மெயின் ரோட்டுக்குப் போய், எதிர்ப்பக்கத்து டீக்கடை மறைவில் நின்றேன். சரோஜா தனியாக வந்தாள். இஸ்திரி போட்ட புடவை, தலையில் பூ, கட்டை இல்லை. பஸ் வந்தது. படி உயரமான படி, நான் அதை அளந்து வைக்கவில்லையே. உள்ளேயிருந்து யாரோ கை நீட்டினார்கள். வேண்டாம் என்று தலையாட்டினாள். கம்பியைப் பிடித்து வலது காலை ஏற்றினாள், இடது காலை இழுத்து வைத்தாள். அந்தச் சந்தடியில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் எதுவும் கேட்டிருக்க முடியாது. ஆனால் அந்த 'டக்' எனக்குக் கேட்டது. இரண்டாவது படி. மூன்றாவது படி. உள்ளே போய்விட்டாள்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்புகிறேன், ஜன்னலிலிருந்து குரல். என்னை முதலிலேயே பார்த்துவிட்டிருக்கிறாள்.

"அண்ணா! கொக்குக்கு என்ன பண்ணீங்க?"

பஸ் கிளம்பிவிட்டது. கத்திச் சொல்ல நேரமில்லை. முப்பது வயது ஆம்பிளை, கையிலிருந்த டீ கிளாஸைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, மெயின் ரோட்டில் இரண்டு கையையும் அகல விரித்து மேலும் கீழும் அடித்துக் காட்டினேன்.